தோல் பையில பாசிமணி, முள்ளம்பன்றி முள்: இது நிஜமாவே பழைய சியூ வேலைதானா?

நீங்க போட்டோவோட கேட்டத சுருக்கிச் சொன்னா இதுதான்: மினியாபோலிஸ் பக்கம் ஒரு எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டுச் சாமான மொத்தமா விக்கற விற்பனை) உங்க வீட்டுக்காரர் ஒரு தோல் பை வாங்கிட்டு வந்திருக்கார், மூடியிலயும் ரெண்டு ஓரத்துலயும் பாசிமணி வேலை, முன்பக்கம் குறுக்கால சிவப்புக் கோடு கோடா முள்ளம்பன்றி முள், ஓரத்துல சின்னச் சின்ன தகரக் கூம்பு தொங்குது, வித்தவர் "சியூ, 1870, பஃபலோ தோல்"னு சொல்லி (சியூன்னா அமெரிக்கப் பழங்குடி, பஃபலோன்னா நம்மூர் எருமை இல்ல, அமெரிக்கக் காட்டெருமை) 600 டாலர் வாங்கியிருக்கார், இது உண்மையா, அழுக்கா இருக்கே கழுவலாமா, ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வரலாமா. மூணு கேள்வி மாதிரி தெரியுது, ஆனா நீங்க நிஜமா கேக்கறது ஒண்ணுதான், வித்தவர் சொன்ன "சியூ", "1870", "பஃபலோ" இந்த மூணுல எதை நம்பறது, எதை ஓரமா வைக்கிறது. அத மொதல்ல பாத்துட்டா மத்ததுக்கு பதில் தானா வந்துரும்.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் எங்க நம்பலாம் எங்க நம்பக்கூடாதுன்னு தெரியும். சென்னைல லெதர் டெக்னாலஜி படிச்சுட்டு, ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் டேனரில கொஞ்ச காலம் வேலை பாத்துட்டு, அப்புறம் அமெரிக்காவுக்கு வந்து மியூசியத்துல பழைய தோல் பொருட்களைப் பராமரிக்கிற வேலையில பல வருஷமா இருக்கேன். அதனால தோல் பத்தி தைரியமா பேசுவேன், தையல் பத்தி ஓரளவு பேசுவேன், அந்த டிசைன் ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு மட்டும் கேக்காதீங்க, அது லகோட்டாக்காரங்க (சியூல மேற்குப் பக்கத்துக் கூட்டம்) சொல்லவேண்டிய விஷயம். நெட்ல "இந்த முக்கோணம்னா மலை, இந்தக் கோடுன்னா வாழ்க்கைப் பாதை"னு எழுதி வச்சிருக்கறதுல பாதி, வியாபாரிங்க டூரிஸ்டுக்கு சொன்ன கதை.

மொதல்ல பை என்னன்னு சொல்லிடறேன். போட்டோல இருக்கற வடிவத்த கலெக்டர்கள் "டீப்பி பை"னு சொல்லுவாங்க, "பாசிபிள் பேக்"னும் சொல்லுவாங்க. அகலமா, உயரம் கம்மியா, ஒரு தபால் உறை மாதிரி மூடியோட இருக்கும். டீப்பிக்குள்ள (அவங்களோட கூம்பு வடிவக் கூடாரம்) சுவர் ஓரமா வச்சுப்பாங்க, இடம் மாறும்போது குதிரை மேல ரெண்டு பக்கமும் கட்டிப்பாங்க, துணிமணி, சின்னச் சாமான் எல்லாம் அதுலதான். ஜோடியா தைக்கறதுதான் வழக்கம், ரெண்டும் ஒரே டிசைன்ல. அதனால உங்ககிட்ட இருக்கறது ஜோடில ஒண்ணா இருக்க நிறைய வாய்ப்பு, இன்னொண்ணு வேற யார் வீட்லயோ இருக்கலாம், இல்ல அதே சேல்ல வேற யாரோ தூக்கிட்டுப் போயிருக்கலாம், அத வித்தவர்கிட்ட கண்டிப்பா கேளுங்க. பின்பக்கம் வேலை எதுவும் இல்லாம வெறும் தோலா இருக்குன்னு கவலைப்பட்டிருக்கீங்க, அது சரியாத்தான் இருக்கு, இந்த மாதிரி பைல வேலையெல்லாம் முன்பக்கம், மூடி, ஓரம் இங்கதான் இருக்கும்.

இப்ப தோலுக்கு வரேன். பாசிமணிதான் கண்ண இழுக்கும், எல்லாரும் மணியோட கலர வச்சு வருஷம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, நான் எப்பவும் மொதல்ல பைய திருப்பி தோலத்தான் பாப்பேன், ஏன்னா பழைய மணி இன்னிக்கும் காசு குடுத்தா கிடைக்கும், நூறு வருஷம் பழகின தோல் அப்படிக் கிடைக்காது. ப்ளெய்ன்ஸ் (அமெரிக்காவோட நடுவுல இருக்கற பெரிய புல்வெளி) பழங்குடிப் பொண்ணுங்க தோல் பதப்படுத்தின முறை நம்ம டேனரி முறையே கிடையாது. உள்பக்க சதைய சுரண்டி எடுத்துட்டு, மேல் பக்கம் முடிய எடுக்கும்போதே அதுக்குக் கீழ இருக்கற கிரெய்ன் அடுக்கையும் சேத்து சுரண்டிடுவாங்க, அப்புறம் மிருகத்தோட மூளைய வேகவச்சு கொழுப்போட குழைச்சு தோல்ல தேய்ச்சு ஊறவிட்டு, காயக் காய இழுத்து இழுத்து, கயிறு மேல போட்டு உரசி மிருதுவாக்குவாங்க, கடைசில தேவைப்பட்டா புகை போடுவாங்க, புகை போட்டா நனைஞ்சாலும் திரும்ப விறைச்சுக்காது. இப்படிப் பண்ணின தோல்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பூ பூவா மிருதுவா இருக்கும், வெட்டின ஓரத்தப் பாத்தா உள்ள வரைக்கும் ஒரே வெளுத்த நிறம்.

டேனரி தோல்ல அப்படி இருக்காது, ஒரு பக்கம் வழவழன்னு, லென்ஸ் வச்சா முடிக்கால் துளை புள்ளி புள்ளியா தெரியும். குரோம் பதம் போட்ட தோலா இருந்தா வெட்டின ஓரத்துல நீலச் சாம்பல் தெரியும். குரோம் டேனிங் வியாபாரத்துக்கு வந்ததே 1884ல நியூயார்க்ல ஷுல்ட்ஸ்னு ஒருத்தர் பேட்டன்ட் வாங்கினதுக்கு அப்புறம்தான், அதனால "1870"னு சொல்ற பைல நீல ஓரம் தெரிஞ்சா அதோட பேச்சு முடிஞ்சுது. உங்க மூணாவது போட்டோல மூடி லேசா மடங்கி உள்பக்கம் தெரியுது, நான் பெருசு பண்ணிப் பாத்த வரைக்கும் கிரெய்ன் தெரியல, ரெண்டு பக்கமும் மிருதுவாத்தான் இருக்கு. இது நல்ல சேதி, கையால மூளைப் பதம் போட்ட தோல்னுதான் தோணுது. ஆனா போட்டோவ வச்சு இதுக்கு மேல சொன்னா அது ஜோசியம்.

பஃபலோங்கறதுதான் எனக்கு உறுத்துது. ஒரு தோல் எந்த மிருகத்தோடதுன்னு சொல்ல நாங்க மொதல்ல பாக்கறது முடிக்கால் துளைங்க அமைஞ்சிருக்கற விதம், ஆனா கிரெய்னையே சுரண்டி எடுத்த தோல்ல அந்தத் துளையே இருக்காது. அதனால வெறும் கண்ணால பாத்து "இது பஃபலோ, மாட்டுத் தோல் இல்ல"னு அடிச்சுச் சொல்ற வியாபாரி, தெரிஞ்சு சொல்றாரா ஆசைப்பட்டு சொல்றாரான்னு யோசிக்கணும். தடிமன வச்சும் சொல்ல முடியாது, சுரண்டறவங்க கைக்குத் தகுந்தபடி அது மாறும். எங்கயாவது தையல் மடிப்புல நாலு முடி தப்பிச்சு ஒட்டிட்டிருந்தா மைக்ராஸ்கோப்ல பாக்கலாம், இல்லன்னா லேப்தான். இதுல சரித்திரமும் குறுக்க வருது. வடக்கு ப்ளெய்ன்ஸ்ல காட்டெருமை மந்தை 1883 வாக்குல கிட்டத்தட்ட அத்துப்போச்சு. அப்புறம் ரிசர்வேஷன்ல (பழங்குடிங்களுக்குன்னு ஒதுக்கின நிலப்பகுதி) சர்க்கார் ரேஷனா உயிர் மாட்டையே குடுத்தாங்க, குடும்பம் குடும்பமா வாங்கி அறுத்துக்குவாங்க, அந்த மாட்டுத் தோல்லதான் பிற்காலப் பை நிறைய தச்சாங்க. அதனால மாட்டுத் தோல்னு தெரிஞ்சா பை போலின்னு அர்த்தம் இல்ல, 1870 இல்லாம அதுக்கு அப்புறம்னு அர்த்தம், அவ்வளவுதான்.

மணிக்கு வருவோம். லகோட்டா வேலைல அதிகமாப் பாக்கறது லேன் ஸ்டிச், பழைய ஆளுங்க லேஸி ஸ்டிச்னு சொல்லுவாங்க. 7, 8, சில சமயம் 10 மணி வரைக்கும் ஒரு தடவைல கோத்து, ரெண்டு முனைல மட்டும் தோலோட பிடிச்சுத் தைப்பாங்க, நடுவுல பிடிப்பு இல்ல, அதனால ஒவ்வொரு வரிசையும் நடுவுல லேசா மேல எழும்பி ஓடு வேஞ்ச கூரை மாதிரி பாத்தி பாத்தியா தெரியும். உங்க பையோட ஓரத்துல அந்த மேடு நல்லாத் தெரியுது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நூல் தோல ஓட்டை போட்டு அந்தப் பக்கம் வராது, தோலோட பாதி தடிமன்லயே குத்தூசியால வழி பண்ணி அதுக்குள்ளயே நுழைஞ்சு வெளிய வந்துரும். அதனால மூடியத் திருப்பிப் பாத்தா பின்பக்கம் தையலே தெரியக்கூடாது. இன்னிக்கு எஃகு ஊசியும் நூலும் வச்சு அவசரமாத் தைக்கறவங்க நிறைய பேர் அந்தப் பக்கம் வரைக்கும் குத்திடுவாங்க. நூல்னு சொல்றேன், ஆனா பழசுல அது நூலே இல்ல, மிருகத்தோட முதுகுல நீளமா ஓடற தசைநார காயவச்சு இழை இழையாப் பிரிச்சு, எச்சில்ல நனைச்சு முறுக்கித் தைப்பாங்க, நுனி காஞ்சு விறைப்பா இருக்கறதால ஊசி கூட வேண்டாம், குத்தூசி போட்ட ஓட்டைல அதையே சொருகிடலாம். மணி உதிர்ந்த இடத்துல லென்ஸ் வச்சுப் பாருங்க, தட்டையா, லேசா கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற இழை தெரிஞ்சா தசைநார், முறுக்குத் தெரிஞ்சு பஞ்சு பிசிறு இருந்தா பருத்தி நூல். பருத்தி நூல் இருந்தாலும் பதற வேணாம், 19ஆம் நூற்றாண்டு கடைசிலயே வியாபாரிங்க மூலமா நூல் வந்துருச்சு, ரிப்பேர் பண்ணினதாவும் இருக்கலாம்.

மணி எல்லாமே வெளிய இருந்து வந்த சரக்கு, வெனிஸ்லயும் பொஹீமியாலயும் செஞ்சு கப்பல்ல வந்து வியாபாரிங்க கைமாத்தி ப்ளெய்ன்ஸ் போய்ச் சேந்தது. மொதல்ல வந்தது கொஞ்சம் பெரிய மணி, போனி மணின்னு சொல்லுவாங்க, 1800ல இருந்து 1850 வாக்கு வரைக்கும் அதுதான், வெள்ளையும் நீலமும் அதிகம். 1840க்கு அப்புறம் சின்ன மணி வர ஆரம்பிச்சு பின்னாடி அதுவே எல்லா இடத்தையும் பிடிச்சுக்கிச்சு. உங்க பைல இருக்கறது சின்ன மணி. சிவப்பு மணியோட ஓட்டை விளிம்ப லென்ஸ்ல பாருங்க, வெளிய சிவப்பு உள்ள வெள்ளையா இருந்தா அது ஒயிட் ஹார்ட், பழைய வேலைல நிறைய வரும். மங்கின மஞ்சளுக்கு கிரீஸி எல்லோன்னு கலெக்டர்கள் பேர் வச்சிருக்காங்க, அதுவும் பழைய கலர்தான். ஆனா இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், ஒரு மணி எப்ப செஞ்சாங்கன்னு தெரிஞ்சா "இந்தப் பை அதுக்கு முன்னாடி தச்சிருக்க முடியாது"ன்னு மட்டும்தான் சொல்லலாம். எப்ப வேணா பின்னாடி தச்சிருக்கலாம். கிழிஞ்ச பழைய சட்டைல இருந்து மணிய உருவி புதுசுல போடறது அந்தக் காலத்துலயே உண்டு, போலி பண்றவனும் அதையேதான் பண்றான். மாறா, ஒவ்வொரு மணியும் மிஷின்ல அளந்த மாதிரி ஒரே உயரம் ஒரே அகலம்னு இருந்தா, அது இந்தக் காலத்து ஜப்பான் சிலிண்டர் மணி, அதுக்கு வயசு பாக்கவே வேணாம். உங்க போட்டோல மணி ஒண்ணு தடியா ஒண்ணு மெலிசா இருக்கு, பழைய மணி அப்படித்தான் இருக்கும்.

முள் வேலைய நான் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதத்தான் எல்லாரும் அவசரமாத் தாண்டிப் போறாங்க. மணி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த வேலை இது. நம்மூர் முள்ளம்பன்றிய மனசுல வச்சுக்காதீங்க, அதோட முள்ளு தடியா கறுப்பு வெள்ளைப் பட்டையா இருக்கும், தைக்கறதுக்கு ஆகாது. வட அமெரிக்க முள்ளம்பன்றி மரம் ஏறுற ஜாதி, உடம்புல ஏறக்குறைய 30,000 முள் இருக்கும், சில அங்குல நீளம்தான், மெலிசு, வெள்ளை உடம்பு, கறுப்பு நுனி. அத நீள வாரியா பிரிச்சு, காயவச்ச மிருகத்து மூத்திரப் பைல போட்டு வச்சுப்பாங்க. சாயம் போட்டு, தைக்கும்போது வாய்ல போட்டு எச்சில்ல ஊறவச்சு, பல்லால கடிச்சு இழுத்து தட்டையாக்கி, தோல்ல ஓடற ரெண்டு இணையான தசைநார் தையலுக்கு நடுவுல மடிச்சு மடிச்சுக் கொண்டுபோவாங்க, ஒரு முள் முடியற இடத்துல அடுத்ததோட நுனிய அதுக்கு அடில சொருகிடுவாங்க. உங்க பையோட முன்பக்கம் இருக்கற சிவப்புக் கோட்டுல ஒரு இடத்துல முள் உடைஞ்சு தூக்கிட்டிருக்கு பாருங்க, அங்க கீழ ரெண்டு தையல் வரி தெரியுது, உடைஞ்ச முள்ளோட குறுக்குவெட்டு அமுங்கின குழாயா இருக்கு. இது நிஜ முள்ளுதான், சாயம் போட்ட புல்லோ பிளாஸ்டிக்கோ இல்ல. இந்தப் போட்டோ ஒண்ணுதான் எனக்கு முழு நம்பிக்கை குடுத்தது. (தயவுசெஞ்சு யாரோ கமென்ட்ல சொன்ன மாதிரி ஒரு முள்ளப் பிச்சு நெருப்புல காட்டிப் பாக்காதீங்க.)

லகோட்டா சமூகத்துல இந்த வேலைய சும்மா பொழுதுபோக்கா யாரும் நினைக்கல. இரட்டைப் பெண்ணுங்கற தெய்வ உருவம் கனவுல வந்து சொல்லிக்குடுத்த வித்தைன்னு அவங்க மரபுல சொல்றாங்க, அந்தக் கனவு வந்த பொண்ணுங்களுக்குத் தனி மதிப்பு. எத்தனை தோல் பதம் போட்டா, எத்தனை போர்வைக்கு முள் வேலை பண்ணினாங்கற கணக்க எல்க் மான் கொம்புல செஞ்ச சுரண்டு கருவியோட பிடில புள்ளி புள்ளியா வச்சுப்பாங்க, ஆம்பளைங்க சண்டைல பண்ணின வீரத்த எண்ணிச் சொல்லிக்கற மாதிரி பொண்ணுங்களுக்கு அது. அந்தப் புள்ளி வச்ச சுரண்டிங்க மியூசியங்கள்ல நிறைய இருக்கு. ஆனா பைக்கு யாரும் கையெழுத்துப் போடல, வாங்கிட்டுப் போனவங்களும் பேர் கேட்டு எழுதி வைக்கல, அதனாலதான் மியூசியத்துலயே பாதிக்குப் பாதி "பெயர் தெரியாத கலைஞர்"னு அட்டை தொங்குது.

சாயத்த வச்சு வருஷம் சொல்லலாமா? பாதி சொல்லலாம். பழைய சாயம் செடி, வேர், பழம், பாசி இதுல இருந்து வந்தது, வியாபாரிங்க குடுத்த சிவப்புக் கம்பளித் துணிய வேகவச்சு அந்தச் சாயத்த முள்ளுக்கு ஏத்தறதும் உண்டு. பெர்கின்ங்கற இங்கிலாந்து கெமிஸ்ட் 1856ல மொத செயற்கைச் சாயத்த கண்டுபிடிச்சார், அப்புறம் அனிலின்னு சொல்ற அந்த வகைச் சாயப் பொட்டலம் 19ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதில ரிசர்வேஷன் கடைங்க வரைக்கும் வந்துருச்சு. மூடிய மெதுவாத் தூக்கி, வெளிச்சம் படாம மறைஞ்சிருந்த முள்ளோட கலரப் பாருங்க. வெளிய ரோஸா வெளுத்து, உள்ள பளீர்னு கத்தரி கலந்த சிவப்பா இருந்தா அனிலினா இருக்கலாம்னு சந்தேகப்படலாம். கண்ணால பாத்து உறுதியா சொல்ல முடியாது, அதுக்கு லேப்ல சாயத்தப் பிரிச்சுப் பாக்கணும். ஆனா மூடிக்குக் கீழ கலர் அழுத்தமாவும் வெளிய வெளுத்தும் இருக்கறதே நல்ல அடையாளம், பல வருஷம் மூடி மூடியபடியே வெளிச்சத்துல இருந்திருக்குன்னு அர்த்தம், டீத்தண்ணி தெளிச்சுப் பழசாக்கறவன் பொதுவா இந்த இடத்துல கோட்டை விட்டுருவான், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மங்கவச்சிருப்பான்.

இதையெல்லாம் சேத்துப் பாத்தா என் கணிப்பு 1870 இல்ல, 1880ல இருந்து 1910 வரைக்கும் எங்கயோ. மூடில இருக்கற டிசைன், முக்கோணத்துல இருந்து மெல்லிசாக் கோடு நீட்டிட்டுப் போய் நுனில பிரியற மாதிரி இருக்கே, அந்த மாதிரி சிக்கலான வடிவம் ரிசர்வேஷன் காலத்துலதான் அதிகம். இது கேக்க விசித்திரமா இருக்கும். 1868ல ஃபோர்ட் லேரமி ஒப்பந்தத்துல சர்க்கார் அவங்களுக்கு நிலம் ஒதுக்குச்சு, 1876ல லிட்டில் பிக்ஹார்ன்ல அமெரிக்கப் பட்டாளத்தோட சண்டை, மறு வருஷமே அவங்களோட புனித மலையான பிளாக் ஹில்ஸ் பறிபோச்சு, 1889ல மிச்சம் இருந்த பெரிய ரிசர்வேஷனையும் துண்டு துண்டாக்கினாங்க, 1890 டிசம்பர் 29 அன்னிக்கு வுண்டட் நீங்கற இடத்துல பட்டாளம் லகோட்டாக்காரங்கள படுகொலை பண்ணிச்சு. வாழ்க்கை இவ்வளவு நொறுங்கின அதே காலத்துலதான் மணி வேலை உச்சத்துக்குப் போச்சு, தொட்டில், கோட்டு, ஷூ அடிப்பாகம் வரைக்கும் மணியால மூடினாங்க. வேட்டையும் இடம்பெயர்றதும் நின்னு போச்சு, கடைல மணி கிடைச்சுது, சடங்குக்கெல்லாம் தடை போட்ட சர்க்கார் ஜூலை 4 கொண்டாட்டத்துக்கு மட்டும் கூட அனுமதிச்சுது, அந்தக் கூட்டத்துல உடுத்தவும் பரிசு குடுக்கவும் தைச்சாங்க, அதனால அமெரிக்கக் கொடி கூட மணி வேலைல வந்துச்சு. உங்க ஊர்லயே மினியாபோலிஸ் கலை மியூசியத்துல நெல்லி டூ பேர் கேட்ஸ்ங்கற ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷன் அம்மா மணியால முழுக்க மூடின ஒரு சூட்கேஸ் இருக்கு, பேர் தெரிஞ்ச கொஞ்சப் பேர்ல அவங்க ஒருத்தர், மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, அவங்க வெப்சைட்ல பாத்துட்டு ஒரு நாள் போய்ட்டு வாங்க.

"சியூ"ங்கறது எந்தளவுக்கு உறுதி? மேற்குப் பக்க வேலைன்னு சொல்லலாம். சியூங்கற பேருக்குள்ளயே லகோட்டா, டகோட்டான்னு பல கூட்டம் இருக்கு, மினசோட்டாவோட சொந்தக்காரங்க டகோட்டா, அவங்க பக்கம் பூ டிசைன் அதிகம். உங்க பைல இருக்கற லேன் ஸ்டிச், நேர்கோட்டு வடிவம் எல்லாம் பைன் ரிட்ஜ், ரோஸ்பட், செயென் ரிவர், ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷன் பக்கத்து லகோட்டா வேலையோட நல்லாப் பொருந்துது. க்ரோ கூட்டத்து வேலையா இருந்தா தையலே வேற, மணி மேடு தட்டாம தட்டையாப் படிஞ்சிருக்கும், ரோஸும் இளநீலமும் தூக்கலா இருக்கும், அத ஒதுக்கிடலாம். ஆனா பக்கத்துப் பழங்குடிங்களான செயென், அரபஹோ ஆளுங்களும் இதே வடிவப் பை, இதே லேன் ஸ்டிச், இதே சிவப்பு முள் கோடு போட்டிருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் பக்கத்துலயே இருந்து, பொண்ணு குடுத்து எடுத்து, பரிசு மாத்திக்கிட்டவங்க. அதனால பை எங்க இருந்து வந்துதுங்கற பேப்பர் இல்லாம "அநேகமா லகோட்டா"ங்கறதோட நிறுத்திக்கறதுதான் யோக்கியம். போலியாங்கற கேள்விக்கு, ஐரோப்பால, முக்கியமா ஜெர்மனில, பொழுதுபோக்கா இந்த வேலைய அபாரமாப் பண்றவங்க இருக்காங்க, அவங்க ஏமாத்தணும்னு செய்யறதில்ல, ஆனா ரெண்டு மூணு கை மாறினதும் அது "பழசு" ஆயிடுது. தேய்மானம் எங்க இருக்குன்னு பாருங்க, கை படற மூடி விளிம்பு, நாடா கட்டற இடம், குதிரை மேல உரசற பின்பக்கம் இங்கதான் தேஞ்சிருக்கணும். மணிக்கு நடுவுல இருக்கற அழுக்கு அடில வரைக்கும் போயிருக்கணும், மேல பூசின மாதிரி இருக்கக்கூடாது.

இப்ப அழுக்கு. கழுவாதீங்க. துடைக்கறதுக்குக் கூட ஈரம் வேணாம். புகை போடாத மூளைப் பதத் தோல் தண்ணி பட்டா சுருங்கி விறைக்கும், முள்ளுல இருக்கற சாயம் ஒழுகி வெள்ளை மணிக்கு அடில போய்ச் சேந்துரும், தசைநார் ஊறி லூஸாயிரும், மணி கொட்டும். நம்ம ஆளுங்களுக்கு தோல்னாலே விளக்கெண்ணெய், தேங்காண்ணெய் தடவத் தோணும், கடைல லெதர் கண்டிஷனர் விப்பாங்க, ரெண்டும் கூடாது. சில பழைய மணில, முக்கியமா நீலம், சிவப்பு, கறுப்புல, கண்ணாடியே மெதுவாக் காரம் கசியும், அது தோல்ல இருக்கற கொழுப்போட சேந்து பிசுபிசுன்னு வெள்ளையாப் பூக்கும், கடைசில மணி வெடிக்கும், எண்ணெய் தடவினா அதுக்கு இன்னும் தீனி போட்ட கதைதான். தகரக் கூம்போட பித்தளை எதாவது இருந்தா அது தோலத் தொடற இடத்துல பச்சையா மெழுகு மாதிரி வரும், அத மரக்குச்சியால மெதுவா எடுக்கலாம், ஆனா அதையும் தெரிஞ்சவங்க பண்ணட்டும். நீங்க பண்ணக்கூடியது, மிருதுவான பிரஷ்ஷால தூசிய வாக்குவம் குழாய் பக்கமாத் தள்றது, குழாய் வாய்ல வலைத்துணி கட்டி, ரொம்பக் கம்மி வேகத்துல. முள் தூக்கிட்டிருக்கற இடத்துக்குப் பக்கமே போகாதீங்க.

வைக்கறது எங்கன்னா, பேஸ்மென்டும் வேணாம் அட்டிக்கும் வேணாம், படுக்கையறை அலமாரி போதும். ஆசிட் இல்லாத டிஷ்யூ பேப்பர உள்ள லேசா அடைச்சு, படுக்கவச்சு வைங்க, நாடாவுல மாட்டித் தொங்கவிடாதீங்க. ஜன்னல் வெளிச்சம் படக்கூடாது, மிச்சம் இருக்கற சிவப்பும் போயிரும். முள், முடி, தசைநார் மூணுமே பூச்சிக்குப் பிடிச்ச சாப்பாடு, அதனால மாசா மாசம் கீழ தவிட்டுப் பொடி மாதிரி எதாவது உதிருதான்னு பாருங்க, பாச்சை உருண்டை மட்டும் போடாதீங்க. இன்னொண்ணு முக்கியம், இந்த மாதிரிப் பொருள் எப்பவாவது மியூசியத்துலயோ பெரிய கலெக்டர்கிட்டயோ இருந்திருந்தா பூச்சி வராம இருக்க ஆர்சனிக், பாதரச உப்பு எல்லாம் போட்டிருப்பாங்க, அந்தக் காலத்துல அது சர்வ சாதாரணம். நைட்ரைல் கையுறை போட்டுத் தொடுங்க, மூக்குக்குப் பக்கத்துல வச்சு மோந்து பாக்காதீங்க (புகை வாசனை வருதான்னு பாக்கச் சொல்லி யூடியூப்ல சொல்லிக் குடுக்கறாங்க), சின்னப் பசங்க கைல குடுக்கவே குடுக்காதீங்க. எக்ஸ்ரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வச்சு ஆர்சனிக் இருக்கான்னு நிமிஷத்துல சொல்லிடலாம், சில கன்சர்வேஷன் லேப்ல பண்ணித் தருவாங்க.

ஊருக்கு எடுத்துட்டு வர்றத இப்போதைக்கு மறந்துருங்க. 1990ல வந்த நாக்ப்ரா சட்டம் (பழங்குடிகளோட எலும்பு, புனிதப் பொருள் எல்லாம் திருப்பிக் குடுக்கச் சொல்றது) முக்கியமா சர்க்கார் ஆபீசுங்களுக்கும் சர்க்கார் பணம் வாங்கற மியூசியங்களுக்கும்தான், வீட்டுச் சாமான் வைக்கற உங்க பைய அது நேரா தொடாது. ஆனா 2022 டிசம்பர்ல ஸ்டாப் சட்டம்னு ஒண்ணு கையெழுத்தாச்சு, பழங்குடிகளோட பண்பாட்டுப் பொருள்கள்ல சில வகைய நாட்டுக்கு வெளிய எடுத்துட்டுப் போறதத் தடுக்கறதுக்குன்னே வந்தது. வீட்டுச் சாமான் வைக்கிற பை அதுல மாட்டாம இருக்கலாம், ஆனா ஏர்போர்ட்ல நின்னு அத நிரூபிக்கற வேலை உங்க தலைல. இறகும் ஒரு பிரச்சனை. தகரக் கூம்புக்குள்ள சிவப்பா பஞ்சு மாதிரி தெரியுதே, அது குதிரை முடியா இருந்தாலும் கோழி இறகா இருந்தாலும் ஒண்ணும் இல்ல, கழுகு இறகா இருந்தா எவ்வளவு பழசா இருந்தாலும் விக்கவோ வாங்கவோ கூடாது. இதே மாதிரிப் பழைய பொருள் வித்த வியாபாரிங்க கேஸ் போட்டு 1979ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த் தோத்தாங்க. பின்னாடி விக்கற எண்ணம் இருந்தா மொதல்ல அந்த இறகு என்னன்னு தெரிஞ்சுக்கோங்க.

600 டாலர் அதிகமா கம்மியான்னு நான் சொல்லப் போறதில்ல, ஜோடி இருக்கா, எவ்வளவு முள் மிச்சம் இருக்கு, யார் வீட்டுலேர்ந்து வந்துதுங்கறதுக்கு ஆதாரம் இருக்கா, இத வச்சு விலை எங்கயோ போகும் வரும். ஒண்ணே ஒண்ணு, மதிப்புப் போடறவரே "நானே வாங்கிக்கறேன்"னு சொன்னா எழுந்து வந்துருங்க. அதவிட முக்கியம், சேல் நடந்து ரொம்ப நாள் ஆகல, அந்தக் குடும்பத்துக்காரங்க இன்னும் கிடைப்பாங்க. தாத்தா பட்டாளத்துல இருந்தாரா, ரிசர்வேஷன்ல சர்க்கார் ஏஜென்டா, மிஷன் ஸ்கூல் வாத்தியாரா, ரயில்வேலயா, எதாவது கடிதம், போட்டோ, சீட்டு இருக்கான்னு கேளுங்க. "லிட்டில் பிக்ஹார்ன்ல எடுத்தது"ன்னு சொன்னா நம்பாதீங்க, இந்த மாதிரி எல்லாப் பைக்கும் யாராவது அந்தக் கதைய ஒட்டிடுவாங்க. ஆனா வுண்டட் நீன்னு பேப்பர்ல எழுதியிருந்தா அது வேற விஷயம், மாசசூசெட்ஸ்ல பாரேங்கற சின்ன ஊர் நூலக மியூசியம் 2022 நவம்பர்ல 150 பொருளுக்கு மேல லகோட்டாகாரங்ககிட்ட திருப்பிக் குடுத்துது, அதுல சிலது அந்தப் படுகொலைல இறந்தவங்க உடம்புல இருந்து எடுத்ததுன்னு நம்பறாங்க. உங்களுக்கு அப்படி எதாவது துப்புக் கிடைச்சா எந்த வியாபாரிக்கும் போன் பண்றதுக்கு முன்னாடி அந்த ரிசர்வேஷனோட ட்ரைபல் ஹிஸ்டாரிக் ப்ரிசர்வேஷன் ஆபீசுக்கு (பழங்குடியே நடத்தற, அவங்க பாரம்பரியத்தப் பாதுகாக்கற ஆபீஸ்) ஒரு மெயில் போடுங்க, போட்டோவோட.

இன்னும் மூணு போட்டோ எடுத்துப் போடுங்க, நான் பாத்துட்டுச் சொல்றேன்: மணி உதிர்ந்திருக்கற இடத்த ரொம்பக் கிட்டக்க, மூடிய முழுசாத் திருப்பி உள்பக்கம், அப்புறம் கீழ் ஓரத்துல தோல் வெட்டின விளிம்பு. ஃபிளாஷ் வேணாம், ஜன்னல் பக்கம் வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து விழற மாதிரி. உடைஞ்ச முள் இருக்கற பக்கம் மேல பாத்த மாதிரி வச்சுக்கோங்க, கீழ வச்சு அழுத்திடாதீங்க.